ஒரு ஜோடிப் பன்றி: குட்டி வாங்குவதிலிருந்து முதல் ஈற்று வரை

ஜோடிப் பன்றி வாங்கப் போகிறேன், கொட்டகை எப்படிக் கட்டுவது என்று யார் வந்து கேட்டாலும், உங்கள் நிலத்தில் பழமரம் எங்கே நிற்கிறது என்றுதான் நான் முதலில் கேட்பேன். மாமரமோ ஜம்புவோ ரம்புத்தானோ, அதன் நிழலில் கொட்டகை போட்டால் குளிர்ச்சியாக இருக்கும் என்று தோன்றும். போடாதீர்கள். எங்கள் பேராக் மாநிலத்தில் 1998இல் ஈப்போ பக்கம் தொடங்கிய நிப்பா காய்ச்சலை நினைவிருப்பவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. பழந்தின்னி வௌவால்கள் கடித்துப் போட்ட பழம் பட்டிக்குள் விழுந்து, பன்றிக்கு நோய் வந்து, பன்றியிடமிருந்து அதை வளர்த்தவர்களுக்கு வந்தது. கொசுவால் வரும் மூளைக்காய்ச்சல் என்று நினைத்து ஊரெல்லாம் புகை அடித்தார்கள், அதற்குள் லாரியில் ஏற்றிய பன்றிகளோடு நோய் நெகிரி செம்பிலானுக்கும் போய்விட்டது. 1999 மார்ச்சில்தான் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா கா பிங் அது புதிய வைரஸ் என்று கண்டறிந்தார், சுங்கை நிப்பா என்ற கிராமத்தின் பெயரால் அது நிப்பா ஆனது. மலேசியாவில் 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேலான பன்றிகள் அழிக்கப்பட்டன. அதனால் கொட்டகைக்கு மேலே பழமரக் கிளை ஒன்றுகூட வரக் கூடாது. இடம் மாற்ற முடியாவிட்டால் மரத்தை வெட்டுங்கள்.

அடுத்தது அனுமதி. நம் நாட்டில் பன்றி வளர்ப்பு மாநில அரசின் கையில் இருக்கும் விஷயம், ஒரு மாநிலத்தில் நடப்பது அடுத்த மாநிலத்தில் நடக்காது. உங்கள் நிலத்தின் கிராண்டை (நிலப்பட்டாவை) எடுத்துக்கொண்டு முதலில் மாவட்டக் கால்நடை இலாகாவுக்குப் போங்கள், பிறகு நகராண்மைக் கழகத்துக்கு. இந்த இடத்தில் முடியாது என்று சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள், மறைத்து வளர்க்காதீர்கள். மறைத்து வளர்ப்பவர் நோய் வந்தால் மருத்துவரைக் கூப்பிடப் பயப்படுவார், அந்தப் பயத்தில்தான் ஊர்ப் பன்றி எல்லாம் சாகும்.

அனுமதி கிடைக்கும் என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்தில் பேசுங்கள். என் நிலத்தை ஒட்டி இருப்பது ஒரு மலாய் பாக்சிக்கின் (மாமா முறைப் பெரியவரின்) டுரியான் தோப்பு. கொட்டகைக்கு ஒரு கல் வைப்பதற்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய், எங்கே கட்டப் போகிறேன், கழுவும் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அந்தத் தண்ணீர் என் பாரிட்டுக்கு (வாய்க்காலுக்கு) வரக் கூடாது, தம்பி." நியாயமான பேச்சு. அன்றிலிருந்து கழிவுத் தண்ணீர் என் பக்கத்திலேயே குழியில் தேங்கி, தெளிந்து, என் வாழைக்குப் போகிறது. எருவைக் குவித்து மட்க வைக்கிறேன். கொட்டகையில் போட்ட பூட்ஸோடு அவர் தோப்பு வழியாக நான் நடப்பதே இல்லை. ஆற்றிலோ ஓடையிலோ கழிவை விடுவது குற்றம் மட்டுமல்ல, கீழே குடியிருப்பவர்களுக்குச் செய்யும் துரோகம்.

கொட்டகையும் வேலியும்

இரண்டு பன்றிதானே, ஒரு அறை போதும் என்று நினைக்காதீர்கள். குறைந்தது மூன்று அறை வேண்டும்: ஆணுக்கு ஒன்று, பெட்டைக்கு ஒன்று, குட்டி போடுவதற்கு ஒன்று. ஒவ்வொன்றும் 8 அடிக்கு 10 அடி இருந்தால் தாராளம். சுவர் 4 அடிக்குக் குறையக் கூடாது, ஆணுடைய அறைக்கு அதைவிடக் கொஞ்சம் கூடவே வையுங்கள். தரை சிமெண்ட், தண்ணீர் வடியச் சாய்வு, ஆனால் வழவழவென்று பூசவே கூடாது. சிமெண்ட் காயும் முன் தென்னந்துடைப்பத்தால் இழுத்துச் சொரசொரப்பாக்குங்கள், வழுக்கி விழுந்து இடுப்பு பிசகிய பெட்டையை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ள முடியாது. கூரையை உயர்த்திப் போடுங்கள். பன்றிக்கு வியர்க்காது, நம் ஊர் மதிய வெயிலில் தாழ்வான ஜிங்க் கூரைக்கு அடியில் அது வெந்துபோகும். வாய் திறந்து மூச்சு வாங்குகிறது என்றால் உடனே தண்ணீர் தெளிக்க வேண்டும். கடும் வெப்பத்தில் தவித்த ஆண்பன்றிக்கு அடுத்த ஐந்தாறு வாரத்துக்கு விந்தின் தரம் குறைந்துவிடும், பெட்டை சினை பிடிக்காததற்குக் காரணம் தேடிக்கொண்டு நீங்கள் பெட்டையையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

வேலி பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் இருப்பது பாமாயில் தரும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில். காட்டுப்பன்றி உதிர்ந்த பழத்துக்கு இரவில் வரும், உங்கள் பெட்டை இணை சேரும் பருவத்துக்கு வந்தால் வாசனை பிடித்துக் கொட்டகை வரைக்கும் வரும். 2021 பிப்ரவரியில் சபாவில் உறுதியாகி, அதே ஆண்டுக் கடைசியில் தீபகற்பத்துக்கும் வந்துவிட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதரை ஒன்றும் செய்யாது, ஆனால் பட்டிக்குள் நுழைந்தால் ஏறக்குறைய ஒன்றையும் மிச்சம் வைக்காது, மருந்தும் இல்லை. காட்டுப்பன்றி அதைச் சுமந்து வரும். ஆகவே கொட்டகைச் சுவரோடு நிறுத்தாமல், சில அடி தள்ளி இன்னொரு கம்பி வேலி போடுங்கள், மூக்கோடு மூக்கு உரசவே வழி இருக்கக் கூடாது. அப்புறம், தோட்டத்தில் வேட்டைக்குப் போகும் நண்பர்கள் இருந்தால் அன்போடு சொல்லிவிடுங்கள்: அந்த இறைச்சியும் கத்தியும் வண்டியும் பண்ணைக்குள் வரக் கூடாது. கொட்டகைக்கென்று தனி பூட்ஸ், வாசலில் கிருமிநாசினித் தொட்டி. தொட்டித் தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும், சேறு கலந்தால் மருந்து வேலை செய்யாது.

குட்டி வாங்குவது

8 முதல் 10 வாரக் குட்டியாக வாங்குங்கள். ஒரே தாயின் அண்ணன் தங்கையை ஜோடியாகக் கொடுப்பார்கள், விலையும் சேர்த்துக் குறைப்பார்கள், வாங்காதீர்கள். இரண்டு பண்ணையில் ஆளுக்கொன்றாக வாங்கினால் இரண்டு இடத்து நோயும் வரும் வாய்ப்பு உண்டு, அதனால் என் வழி இதுதான்: நோயில்லாத, ஊசிக் கணக்கு எழுதி வைத்திருக்கும் ஒரே பண்ணையில், உறவில்லாத இரண்டு தாய்களிடமிருந்து எடுப்பது. பெட்டை லார்ஜ் ஒயிட், லேண்ட்ரேஸ் இனக் கலப்பாக இருந்தால் பால் நன்றாக வரும், ஆண் டியூராக்காக இருந்தால் குட்டிகள் நல்ல சதை பிடிக்கும்.

குட்டியைப் பார்க்கும் முன் தாயைப் பாருங்கள், சாந்தமா, பால் எப்படி, எத்தனை குட்டி நிற்கிறது என்று. பிறகு குட்டியைத் தூக்கி வயிற்றைத் திருப்பிக் காம்பை எண்ணுங்கள். பக்கத்துக்கு ஏழு இருந்தால் நல்லது, ஆறுக்குக் குறைந்தால் வேண்டாம். எண்ணினால் போதாது, ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள், உள்ளே குழிந்து கிடக்கும் காம்பில் பால் வராது. ஆண் குட்டிக்கும் எண்ண வேண்டும், அதன் மகள்களுக்கு அதுதான் போகும். ஆணுக்கு இரண்டு விதையும் ஒரே அளவில் இறங்கியிருக்கிறதா, தொப்புளிலோ அடிவயிற்றிலோ குடல் பிதுங்கியிருக்கிறதா பாருங்கள். கடைசியாக இரண்டையும் சிமெண்டில் நடக்கவிட்டு, பின்னால் நின்று கால்களைப் பாருங்கள். விற்பவர் அவசரப்படுத்தினாலும் இதை விடாதீர்கள். லாரியில் ஏற்றும் முன் கால்நடை இலாகாவின் அனுமதிச் சீட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த குட்டியை முதல் மூன்று நான்கு வாரம் தனியாக வைத்துத் தீனி, சாணம், இருமல் மூன்றையும் கவனியுங்கள். குடற்புழு மருந்தும் சாதாரணப் பன்றிக் காய்ச்சலுக்கான (ஆப்பிரிக்கக் காய்ச்சல் இல்லை, அது வேறு) தடுப்பூசியும் எப்போது என்று மருத்துவரிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டைக் கொட்டகையிலேயே தொங்கவிடுங்கள்.

பிரித்து வளர்ப்பதும் தீனியும்

நான் மிகவும் வருத்தப்படும் ஒரு தவற்றை இங்கே சொல்ல வேண்டும். என் முதல் ஜோடியை ஒரே அறையில் விட்டேன். சின்னப் பிள்ளைகள்தானே, துணையாக இருக்கட்டும் என்று. பெட்டை ஆறு மாதம் நிறையும்போதே சினை. ஐந்து குட்டி போட்டது, இரண்டுதான் பிழைத்தது. அது வளர வேண்டிய வயதில் குட்டிக்குப் பால் கொடுத்து, எலும்பு தேய்ந்து, பின்கால் ஊன்ற முடியாமல் போனதைப் பார்த்தபோது, இது அதன் தவறில்லை, என் அவசரம் என்று தெரிந்தது. நான்கு மாதத்தில் பிரித்துவிடுங்கள். ஆண் குட்டி ஐந்து, ஆறு மாதத்திலேயே சினைப்படுத்தும் திறனுக்கு வந்துவிடும்.

தீனிக்கு அடிப்படை கம்பெனித் தீவனம்தான், வளரும் வயதுக்குப் புரதம் 16 சதவீதம் இருக்கும்படி. ஐந்து மாதம் தாண்டியதும் பெட்டைக்கு ஒரு நாளைக்கு 2 முதல் 2.5 கிலோ, கொழுக்கவிடக் கூடாது. கொழுத்த பெட்டை பருவத்துக்குச் சரியாக வராது, குட்டி போடும்போதும் கஷ்டப்படும். ஆணும் அப்படியே. பக்கத்தில் ஆலை இருந்தால் செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைக்கும், பிகேசி என்பார்கள், அதில் நார் அதிகம், பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். கங்குங் கீரை, சர்க்கரைவள்ளிக் கொடி தாராளமாகப் போடலாம். மரவள்ளிக் கிழங்கையும் இலையையும் பச்சையாகப் போடாதீர்கள், விஷம் இருக்கும், கிழங்கை நறுக்கி வேகவைத்தும் இலையை நன்றாகக் காயவைத்தும் கொடுங்கள். சேம்பையும் வேகவைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாய் அரிக்கும்.

என் அம்மா தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் பன்றி வளர்த்தார். சாப்பாட்டு மிச்சம், கல்யாண வீட்டு வாளி, கடைக்கழிவு எல்லாம் அதற்குத்தான் போகும். அதைப் பார்த்து வளர்ந்த நமக்கு மிச்ச உணவை வீசி எறிய மனம் வராது. ஆனால் ஆப்பிரிக்கக் காய்ச்சல் வைரஸ் பன்றி இறைச்சியில், சாசேஜில், உறைய வைத்த துண்டில் மாதக்கணக்காக உயிரோடு இருக்கும். உணவகத்து வாளியில் எது கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அது பண்ணைக்கு வேண்டாம், வேகவைத்தும் வேண்டாம். சுத்தமான தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும், வளர்ந்த பன்றிக்கு நாளுக்குப் பத்து லிட்டருக்குக் குறையாது, பால் கொடுக்கும் தாய்க்கு இருபது, முப்பது லிட்டர் வரைக்கும். தேங்கிய தண்ணீர் எங்கும் வேண்டாம், கொசு வழியாகப் பன்றியிலிருந்து மனிதருக்கு வரும் மூளைக்காய்ச்சல் வேறு இருக்கிறது.

எப்போது சேர்ப்பது

பெட்டைக்கு எட்டு மாதம், எடை 120 கிலோ, பருவம் இரண்டோ மூன்றோ கண்டிருக்க வேண்டும். மூன்றும் சேர வேண்டும். தராசு இல்லாவிட்டால் தையல் நாடா போதும்: முன்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவை மீட்டரில் அளந்து அதை அதனாலேயே பெருக்கி, காதுகளுக்கு நடுவிலிருந்து வால் அடி வரை உள்ள நீளத்தால் பெருக்கி, பிறகு 69.3ஆல் பெருக்குங்கள். சுற்றளவு 1.20, நீளம் 1.20 என்றால் ஏறக்குறைய 120 கிலோ. ஆணும் எட்டு மாதம் ஆகியிருக்க வேண்டும், ஆனால் பெட்டையைவிட மிகப் பெரிதாக இருந்தால் பெட்டையின் முதுகு தாங்காது.

பருவம் 21 நாளுக்கு ஒருமுறை வரும், இரண்டு மூன்று நாள் நிற்கும். காலையில் தீனி போட்ட பிறகு, வெயில் ஏறும் முன் பாருங்கள். பின்புறம் சிவந்து வீங்கியிருக்கும், தீனியில் மனம் இருக்காது, வேலிப் பக்கமே போய் நிற்கும். அப்போது பின்னாலிருந்து நெருங்கி, இரண்டு உள்ளங்கையையும் இடுப்புக்கு மேல் வைத்து அழுத்துங்கள். நேரம் வராத பெட்டை கத்திக்கொண்டு ஓடும். வந்த பெட்டை கால்களை ஊன்றி மரம்போல் நின்றுவிடும், காது மேலே விறைக்கும், கண் ஓரிடத்தில் குத்தி நிற்கும், அழுத்தினாலும் நகராது. முதல் தடவை பார்க்கும்போது, இதே பன்றியா நேற்று என் காலைத் தள்ளிவிட்டு ஓடியது என்று இருக்கும். அன்று மாலை ஒருமுறை, மறுநாள் காலை ஒருமுறை ஆணோடு சேர்த்துவிடுங்கள். பெட்டையை ஆணுடைய அறைக்குக் கொண்டு போங்கள், ஆணைப் பெட்டையிடம் கொண்டு போனால் அது அறையை முகர்ந்துகொண்டே நேரத்தைக் கழித்துவிடும். எப்போதும் கையில் ஒரு பலகை இருக்கட்டும், இரண்டுக்கும் நடுவில் நிற்காதீர்கள், எவ்வளவு பழகிய ஆணாக இருந்தாலும் பிள்ளைகளை உள்ளே விடாதீர்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும். இரண்டும் நாள் முழுக்கப் பக்கத்துப் பக்கத்து அறையில் இருந்தால் பெட்டை பழகிப்போய்ப் பருவத்தின் அடையாளத்தைத் தெளிவாகக் காட்டாது. நடுவில் ஒரு அறை விட்டு வைத்து, ஆறு மாதத்திலிருந்து நாளுக்குப் பத்து நிமிடம் மட்டும் கம்பி வழியாக ஆணைக் காட்டுங்கள். சேர்ப்பதற்கு இரண்டு வாரம் முன்னாலிருந்து பெட்டைக்குத் தீனியைக் கூட்டி, சேர்த்த மறுநாளே பழைய அளவுக்குக் குறையுங்கள். பார்வோ, லெப்டோ, எரிசிபெலாஸ் நோய்களுக்கான தடுப்பூசிகள் சேர்ப்பதற்குச் சில வாரம் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

சினையும் ஈற்றும்

சேர்த்த நாளை நோட்டில் எழுதுங்கள். 18லிருந்து 24 நாளுக்குள் மறுபடி பருவம் வராவிட்டால் சினை பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். சினைக்காலம் 114 நாள், பழைய ஆட்கள் மூன்று மாதம் மூன்று வாரம் மூன்று நாள் என்பார்கள். மார்ச் 1இல் சேர்த்தால் ஜூன் 23ஐ ஒட்டி எதிர்பார்க்கலாம். முதல் மாதம் பெட்டையை விரட்டாதீர்கள், இடம் மாற்றாதீர்கள், வெயிலில் விடாதீர்கள். கடைசி மாதம் தீனியைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஈற்றுக்கு இரண்டு வாரம் முன் குடற்புழு மருந்து, ஒரு வாரம் முன் சோப்புப் போட்டுக் கழுவி, கழுவிக் காயவைத்த ஈற்று அறைக்குள் விடுங்கள்.

அந்த அறையில் ஒரு பொருள் இல்லாமல் எதுவும் தொடங்கக் கூடாது. சுவரைச் சுற்றி, தரையிலிருந்து 8 முதல் 10 அங்குல உயரத்தில், சுவரிலிருந்து அதே அளவு தள்ளி, இரும்புக் குழாய் ஒன்று ஓட வேண்டும். தாய் படுக்கும்போது சுவரில் சாய்ந்து வழுக்கிக்கொண்டே இறங்கும், இடையில் மாட்டிய குட்டி நசுங்கிவிடும், குழாய் இருந்தால் அதற்கு அடியில் ஒதுங்கும். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருவர் குழாயைப் பிறகு போடலாம் என்று விட்டு, ஒரே இரவில் நான்கு குட்டியை இழந்தார். ஒரு மூலையைப் பலகையால் தடுத்து, கீழே குட்டி மட்டும் நுழையும் சந்து விட்டு, மேலே வெப்ப விளக்கைத் தொங்கவிடுங்கள். நம் ஊர் சூடுதானே என்று நினைக்காதீர்கள், பிறந்த குட்டிக்கு 32 முதல் 34 டிகிரி வேண்டும், மழை பெய்யும் இரவில் சிமெண்ட் தரை அதன் உயிரை உறிஞ்சிவிடும்.

காம்பை அழுத்தினால் பால் துளி வருகிறது, காய்ந்த லாலாங் புல்லை வாயில் அள்ளி மூலைக்கு மூலை கொண்டு போகிறது என்றால் ஒரு நாளுக்குள் ஈனும். பக்கத்தில் சத்தமில்லாமல் இருங்கள். 15, 20 நிமிடத்துக்கு ஒன்றாக வரும், மொத்தம் மூன்றிலிருந்து ஐந்து மணி நேரம். முக்கிக்கொண்டே முக்கால் மணி நேரம் ஆகியும் குட்டி வரவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள், கடையில் வாங்கிய ஊசியை நீங்களாகப் போடாதீர்கள். வந்த குட்டியின் மூக்கையும் வாயையும் துணியால் துடைத்து, தொப்புள் கொடியை அயோடினில் நனைத்து, காம்பில் வையுங்கள். முதல் ஆறு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்துவிட வேண்டும், பலவீனமானதை முன்பக்கக் காம்பில் வைத்தால் பால் அதிகம் கிடைக்கும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை கட்டாயம். முதல் ஈற்றுப் பெட்டை சிலது பயத்தில் குட்டியைக் கடிக்கும், அப்படியானால் ஈன்று முடியும்வரை குட்டிகளை விளக்கு மூலையில் வைத்து, அமைதியானதும் விடுங்கள்.

மூன்றாம் நாள் கழுத்தில் இரும்புச்சத்து ஊசி, 200 மில்லிகிராம். தாய்ப்பாலில் இரும்பு போதாது, சிமெண்ட் தரையில் மண்ணைக் கிளற வழியில்லாத குட்டி வெளுத்து மூச்சு வாங்கி இறக்கும். தாய் தீனியை ஒதுக்கி, மடி கல்லாகி, குட்டிகள் கத்திக்கொண்டே இருந்தால் காய்ச்சல் பாருங்கள், 40 டிகிரிக்கு மேல் என்றால் அன்றே மருத்துவர் வேண்டும். தாயின் தீனியை ஒரு வாரத்தில் படிப்படியாகக் கூட்டி 5, 6 கிலோ வரை கொண்டு போங்கள். இரண்டாம் வாரத்திலிருந்து குட்டிக்குத் தனித் தீனி கொஞ்சம் கொஞ்சமாக மூலையில் வையுங்கள்.

ஐந்து, ஆறு வாரத்தில் பால் மறக்கடிக்கலாம். குட்டியை நகர்த்தாமல் தாயை வேறு அறைக்கு எடுங்கள். நான்கிலிருந்து ஏழு நாளில் அது மறுபடி பருவத்துக்கு வரும், ஆனால் முதல் ஈற்றில் இடுப்பெலும்பு தெரிய மெலிந்திருந்தால் அந்தப் பருவத்தை விட்டுவிட்டு 21 நாள் பொறுங்கள். விற்கும்போது மறுபடி அந்த அனுமதிச் சீட்டு, வீட்டில் அறுத்து விற்கும் வேலை வேண்டாம். பெட்டைக் குட்டிகளில் ஒன்றைத் தாய்ப் பன்றியாக வளர்க்க வைத்துக்கொள்ள ஆசை வரும், வைக்கலாம், ஆனால் அது எட்டு மாதம் ஆகும் முன் ஆணை மாற்றியாக வேண்டும், அப்பாவோடு மகளைச் சேர்த்தால் அடுத்த ஈற்றிலேயே குட்டி குறையும்.